பெயர் பெற்ற தூதர்கள்

வானவர்களைப் பற்றி வானொலியில் பேசுவது பொருத்தந்தானா என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்கு 1951ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கிடைத்துவிட்டது. அந்த ஆண்டில், உரோமாபுரியில் பாப்பரசராக இருந்த பன்னிரண்டாம் பயஸ், தொலைச்செய்தித் துறையில் பணிபுரிவோருக்குப் பாதுகாவலராகக் கபிரியேல் என்னும் அதிதூதரை அறிவித்தார். தந்தியும் தொலைபேசியும் வானொலியும் அன்று முதல் அவருடைய காவலில் உள்ளன. ஆயிரமாயிரம் வானவர் இருக்கக் கபிரியேலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெளிப்படை. அவர் செய்தியைப் படைத்தவர் அல்லர். பிறர் தந்த செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் சேர வேண்டிய செவியில் சேர்த்தவர். வானொலி செய்ய வேண்டிய பணியும் அதுதானே!

இந்தக் கபிரியேலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. யூதரின் தானியேல் நூலில் காட்சிக்குப் பொருள் உரைப்பவர் அவர். கிறித்தவரின் லூக்கா நற்செய்தியில் நாசரேத்து ஊரில் மரியாளைக் கண்டு பேசுபவர் அவர். இஸ்லாமியர் ஜிப்ரீல் என்று போற்றி, திருக்குர்ஆனைக் கொணர்ந்தவர் என்று நம்புவதும் அவரையே. வரலாற்றில் எத்தனையோ முறை தம்முள் மாறுபட்டும் போரிட்டும் வந்த மூன்று சமயத்தார், ஒரே தூதரை மூன்று வாயிலிலும் வரவேற்றிருக்கின்றனர். ஆனால் தொடக்கத்தில் அந்தத் தூதருக்குப் பெயரே இல்லை. பெயர் எப்பொழுது வந்தது, ஏன் வந்தது, வந்த பெயரைக் கண்டு அறிஞர்கள் ஏன் அஞ்சினர் என்பனவற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எபிரேய மொழியில் 'மலாக்', கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்', அரபியில் 'மலக்' ஆகிய மூன்றுக்கும் அடிப்படைப் பொருள் தூதர் என்பதே. தமிழ் முஸ்லிம்கள் இன்றும் 'மலக்கு' என்றே வழங்குகின்றனர். கிறித்தவர்கள் தேவதூதர் என்கின்றனர். சிறகும் ஒளிவட்டமும் பிற்காலத்து ஓவியர்கள் நம் கண்ணில் பதித்தவை. சொல்லுக்குள் இருப்பது பணி ஒன்றுதான். தூது என்பது எத்துணை நுட்பமான தொழில் என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. அரசனின் சொல்லைச் சுமந்து செல்பவன், தன்னையே அரசனாகக் காட்டிக்கொள்ளும் அந்த நொடியில் தூதன் அல்லாதவன் ஆகிறான்.

எபிரேய வேதத்தின் பழைய கதைகளில் வரும் தூதர்கள் இதை நன்கு அறிந்தவர்கள் போலும்! நண்பகல் வெயிலில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு எதிரே மூவர் நிற்கின்றனர். முதியவர் ஓடிச்சென்று வணங்கி, கால் கழுவ நீர் தந்து, கன்றின் இறைச்சியும் பாலும் படைக்கிறார். விருந்து முடிகிறது, பெயர் சொல்லப்படவில்லை. யாக்கோபு ஓர் இரவு முழுவதும் ஆற்றங்கரையில் ஒருவருடன் மற்போர் புரிகிறார். விடியும் வேளையில் அவர் பெயரைக் கேட்கிறார். எதிராளி வாழ்த்து வழங்குகிறாரேயன்றிப் பெயரை வழங்கவில்லை. சிம்சோனின் தந்தை மனோவாவின் கதை இன்னும் தெளிவானது. மகன் பிறப்பான் என்று சொன்ன தூதரிடம் அவர் பெயர் கேட்கிறார். சொன்னது பலித்ததும் அவரைச் சிறப்பிக்க வேண்டும் என்பது மனோவாவின் எண்ணம். தூதரோ தம் பெயர் அறிதற்கு அரியது என்கிறார். தமக்குச் சமைக்க வேண்டா, பலியிட விரும்பினால் இறைவனுக்கு இடுக என்கிறார். பின்னர்ப் பலிபீடத்தின் தழலிலேயே ஏறி மறைந்துவிடுகிறார். பெயர் கேட்பது வழிபாட்டின் முதற்படி என்பதை அந்தக் கதை சொன்னவர் உணர்ந்திருந்தார்.

அப்படியானால் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இதற்கு யூதரின் மரபே ஒரு விடை வைத்திருக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயா நாட்டில் ரேஷ் லாகிஷ் என்னும் ஆசிரியர் இருந்தார். இளமையில் வழிப்பறி செய்தவர் என்றும், பின்னர் மறைநூல் கற்றுப் பேராசிரியர் ஆனார் என்றும் அவரைப் பற்றிக் கதை உண்டு. யூதர்கள் பாபிலோனிலிருந்து திரும்பியபோது மாதங்களின் பெயர்களைக் கொணர்ந்தனர் என்று மற்றோர் ஆசிரியர் கூற, தூதர்களின் பெயர்களும் அவர்களுடனேயே வந்தன என்று ரேஷ் லாகிஷ் சேர்த்துச் சொன்னார். அதற்குச் சான்றும் காட்டினார். நாடு இழப்பதற்கு முன் வாழ்ந்த ஏசாயா பேசும்போது வானவருள் ஒருவர் பறந்து வந்தார் என்று மட்டுமே சொல்கிறார். தானியேல் நூலிலோ மிக்கேல் என்றும் கபிரியேல் என்றும் பெயர்கள் வருகின்றன. எபிரேய வேதம் முழுவதிலும் தூதரின் பெயர் காணப்படுவது அந்தத் தானியேல் ஒன்றில்தான் என்பதை எண்ணும்போது அவருடைய கூர்மை விளங்கும். தம் சமயத்தில் ஒரு பகுதி பிறநாட்டிலிருந்து வந்தது என்று ஒரு சமய ஆசிரியரே கூசாமல் ஒப்புவது எளிய செயல் அன்று. இக்கால வரலாற்று மாணவர் பலரிடமும் அந்தத் துணிவு இல்லை.

கி.மு. 586 அளவில் எருசலேம் வீழ்ந்தது, கோயில் எரிந்தது, மக்களில் பலர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டனர். பாரசீகப் பேரரசர் சைரஸ் கி.மு. 538இல் அவர்கள் திரும்ப இசைவளித்தார். திரும்பியவர்களின் நாட்காட்டியில் நிசான், தம்மூஸ் முதலிய பாபிலோனிய மாதப் பெயர்கள் புகுந்திருந்தன. தம்மூஸ் என்பது பாபிலோனியர் வணங்கிய ஒரு தெய்வத்தின் பெயர் என்பது வேடிக்கையான செய்தி. தூதர்களைப் பற்றிய எண்ணமும் இவ்வாறே வளர்ந்ததா? பாரசீகரின் சரதுசுட்டிரச் சமயத்தில் அகுர மஸ்தாவைச் சூழ்ந்து நிற்கும் அமரர்கள் உண்டு; அவர்களின் சாயல் யூதரின் அதிதூதர்மேல் படிந்தது என்று அறிஞர் சிலர் கருதுவர்; மறுப்பாரும் உளர். ஒன்று மட்டும் உறுதி. மிக்கேல், கபிரியேல், இரபேல், ஊரியேல் ஆகிய பெயர்கள் அனைத்தும் 'எல்' என்று முடிகின்றன. 'எல்' என்பது எபிரேயத்தில் இறைவனைக் குறிக்கும் சொல். துணி எங்கே நெய்யப்பட்டது என்பதில் வழக்கு இருக்கலாம். தையல் எபிரேயத் தையல்தான்.

அரசும் கோயிலும் இழந்த மக்களுக்கு வானுலகத்து அரசவை ஏன் தேவைப்பட்டது என்பதைத் தானியேல் நூல் காட்டும். அதன் கதை பாபிலோனில் நிகழ்கிறது. ஆயினும் நூல் இன்றைய வடிவம் பெற்றது கி.மு. 167ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளரின் முடிவு. அப்பொழுது நான்காம் அந்தியோக்கஸ் என்னும் கிரேக்க மரபு மன்னன் எருசலேம் கோயிலின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தி, யூத வழிபாட்டையே தடைசெய்திருந்தான். மறைநூலை வைத்திருப்பதும் உயிருக்கு ஆபத்தான காலம் அது. அந்த இருளில் எழுந்த நூல் சொல்வது யாது? ஒவ்வொரு நாட்டுக்கும் விண்ணில் ஓர் இளவரசர் உண்டு. பாரசீகத்துக்கு ஒருவர், கிரேக்கத்துக்கு ஒருவர். இஸ்ரயேலுக்கு மிக்கேல். தானியேலிடம் வந்த தூதர், பாரசீகத்தின் இளவரசர் தம்மை 21 நாள் வழிமறித்ததாகவும், மிக்கேல் துணைக்கு வந்த பின்னரே வர முடிந்ததாகவும் கூறுகிறார். மன்னனிடம் யானைப் படை இருந்தது. இந்தச் சிற்றினத்திடம் எதுவும் இல்லை. தமக்கும் மேலே ஒருவர் போரிடுகிறார் என்ற நம்பிக்கை, படையில்லாத மக்களின் படையாக நின்றது. அந்நிலையில் 'ஒருவர்' என்று சொன்னால் போதாது. அழைப்பதற்கு ஒரு பெயர் வேண்டும்.

ஏறக்குறைய அக்காலத்தை ஒட்டிய மற்றொரு நூல் தோபித்து. அதைப் படிக்கும்போது எனக்கு நம் நாட்டுப் பாட்டிமார் சொல்லும் கதையே நினைவுக்கு வருகிறது. கண்ணிழந்த முதியவர் தோபித்து, தொலைநாட்டில் ஒப்படைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணைக்கு நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு கூலி பேசி ஓர் இளைஞனை அமர்த்துகின்றனர். வீட்டு நாயும் உடன் செல்கிறது. வழியில் ஆற்றில் பிடித்த மீனின் பித்தமே பின்னர்த் தந்தையின் கண்ணுக்கு மருந்தாகிறது. திரும்பி வந்ததும், பேசிய கூலியோடு கொண்டுவந்தவற்றில் பாதியையும் தர முன்வருகின்றனர். அப்பொழுதுதான் கூலியாள் தாம் யாரென்று சொல்கிறார். அவர் இறைவன் திருமுன் நிற்கும் எழுவருள் ஒருவரான இரபேல்! தந்தையும் மகனும் நடுங்கி விழ, தமக்கு நன்றி வேண்டா, இறைவனைப் போற்றுங்கள் என்று கூறி மறைகிறார். மனோவாவின் பெயரில்லாத் தூதர் சொன்னதையே பெயருள்ள இரபேலும் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். இந்நூலை யூதர்கள் தம் வேதத்தில் சேர்க்கவில்லை, கத்தோலிக்கர் சேர்த்தனர். சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் இதன் அரமேய, எபிரேயத் துணுக்குகள் இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தன. அக்குகைகளில் கிடைத்த போர்ச்சுருளில், இறுதிப் போருக்குச் செல்வோர் தம் கேடயங்களில் மிக்கேல், கபிரியேல், சாரியேல், இரபேல் என்ற நான்கு பெயர்களை எழுத வேண்டும் என்ற விதியும் உண்டு. பெயர் கேடயத்தின்மேல் ஏறிவிட்டது.

இங்கேதான் அச்சம் தொடங்குகிறது. பெயரிட்டு அழைக்கத் தொடங்கிய மக்கள், அழைப்பதோடு நிற்பார்களா? ஒரே இறைவன் என்ற கொள்கைக்காக உயிர் கொடுத்தவர்கள், பணியாளருக்கு மாலை சூட்டத் தொடங்கினால் அரியணை என்ன ஆகும்? பெயர்களின் பொருளைப் பார்த்தால் அவற்றை ஏற்றோரும் இதை எண்ணியே ஏற்றனர் எனத் தோன்றுகிறது. இரபேல் என்றால் 'இறைவன் குணமாக்குகிறார்' என்பது பொருள். குணமாக்குபவர் இரபேல் அல்லர். கபிரியேல் இறைவனின் வலிமை. ஊரியேல் இறைவனின் ஒளி. மிக்கேல் என்பதோ பெயரே அன்று. 'இறைவனுக்கு நிகர் யார்?' என்னும் வினா. வானவருள் தலைசிறந்தவரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும், அவருக்கும் மேலே நிகரற்ற ஒருவர் உண்டென்று கூப்பிடுபவரே அறிக்கையிட வேண்டியிருக்கிறது. வேலியைப் பெயருக்குள்ளேயே நட்டுவைத்தனர்.

வேலி போதவில்லை என்றும் யூத ஆசிரியர்கள் கண்டனர். எருசலேம் தல்மூதில் ஓர் உவமை உண்டு. உலகத்தில் ஒரு செல்வரின் உதவி வேண்டுமானால் வாயிற்காவலனைக் கூப்பிட்டு, அவன் உள்ளே போய்ச் சொல்லி, இசைவு கிடைத்த பின்னரே நுழைய முடியும். இறைவனின் முறை அத்தகையது அன்று. துன்பம் வந்தவன் மிக்கேலையோ கபிரியேலையோ கூவ வேண்டா, நேரே இறைவனையே கூவலாம் என்று அவ்விடம் கூறுகிறது. தூதர் ஒருவர் ஒரு வேளையில் ஒரு பணியே செய்வார் என்பதும் அவர்களின் விதி. ஆபிரகாமிடம் வந்த பெயரில்லாத மூவருக்கும் அவர்கள் பெயர் சூட்டினர்: சாராளுக்கு மகப்பேறு அறிவிக்க மிக்கேல், ஆபிரகாமின் புண்ணை ஆற்ற இரபேல், சோதோமைக் கவிழ்க்கக் கபிரியேல். பெயரைக் கொடுத்த கையே அதிகாரத்தையும் அளந்து கொடுத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் தம் பதின்மூன்று கொள்கைகளுள் ஒன்றாக, வணக்கம் இறைவனுக்கே உரியது, தூதர்க்கும் உரியதன்று என்று எழுதிவைத்தார். எனினும் யூதக் குழந்தை உறங்கப் போகும்போது வலப்புறம் மிக்கேல், இடப்புறம் கபிரியேல், முன்னே ஊரியேல், பின்னே இரபேல் என்று நினைத்துக்கொள்ளும் ஒரு வேண்டுதல் இன்றும் வழங்குகிறது. தலைக்கு மேலே இறைவனின் சந்நிதி. இருட்டுக்கு அஞ்சும் குழந்தையிடம் மைமோனிடிஸைப் படித்துக் காட்ட முடியுமா?

ஊரியேலைப் பற்றி ஒரு சொல். கி.பி. 70இல் உரோமர் எருசலேம் கோயிலை இடித்தனர். அந்தப் புண் ஆறாத காலத்தில் எழுந்த எஸ்றாவின் பெயரால் வழங்கும் நூலில், எஸ்றா இறைவனிடம் முறையிடுகிறார்: எங்களினும் கொடியவர்கள் வாழ, நாங்கள் அழிந்தது ஏன்? விடை கொண்டு வருபவர் ஊரியேல். அவர் ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லை. நெருப்பை நிறுத்து எடை காட்ட இயலுமா, காற்றை அளக்க இயலுமா, கழிந்த நாளைத் திரும்ப அழைக்க இயலுமா என்று கேட்கிறார். எஸ்றா அடங்கிவிடவில்லை, மீண்டும் மீண்டும் வாதிடுகிறார். தூதரோடு வழக்காடும் அந்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கிறித்தவ மறையின் புதிய ஏற்பாட்டில் 'அதிதூதர்' என்ற சொல் இரண்டே இடங்களில் வருகிறது. மிக்கேல், கபிரியேல் ஆகிய இரு பெயர்களே காணப்படுகின்றன. திருவெளிப்பாட்டில் பறவைநாகத்தோடு பொருது வெல்பவர் மிக்கேல். அதே நூலில் யோவான் இருமுறை தூதரின் காலில் விழ, இருமுறையும் தூதர் தடுத்து, தாமும் உடன் ஊழியரே என்கிறார். ஆனால் மக்களின் அன்பு தடுப்பார்க்கெல்லாம் நிற்பதில்லை. இத்தாலியின் கர்கானோ மலையிலும், 708இல் தொடங்கியதாக மரபு கூறும் பிரெஞ்சுக் கடலோரப் பாறைக் கோயிலிலும் மிக்கேலை நாடித் திருப்பயணிகள் திரண்டனர். 590இல் உரோமாபுரியைக் கொள்ளைநோய் வாட்டியபோது, அத்ரியன் கல்லறைக் கோட்டையின் உச்சியில் மிக்கேல் வாளை உறையிலிடக் கண்டார் பாப்பரசர் கிரகோரி என்பது ஒரு பழங்கதை. இன்றும் அங்கே வெண்கலத் தூதர் வாளை உறையிலிட்டபடி நிற்கிறார்.

745இல் உரோமாபுரியில் ஒரு விசாரணை நடந்தது. பிராங்கியர் நாட்டில் அதல்பெர்ட் என்னும் ஒருவர் தம்மையே புனிதராகக் காட்டி, தம் நகத்தையும் முடியையும் மக்களுக்குப் பங்கிட்டு வந்தார். வானிலிருந்து விழுந்த கடிதம் ஒன்றும் அவரிடம் இருந்ததாம்! அவருடைய வழிபாட்டுச் சுவடியைப் பாப்பரசர் சக்கரியா அவையில் படிக்கச் செய்தார். அதில் எட்டுத் தூதரின் பெயர்கள் அழைக்கப்பட்டிருந்தன. முதற்பெயர் ஊரியேல். எட்டில் அவை அறிந்திருந்தது மிக்கேல் ஒன்றே. மற்றவை தூதரின் பெயர்கள் அல்ல, பேய்களின் பெயர்கள் என்று ஆயர்கள் முடிவு கூறினர். மிக்கேல், கபிரியேல், இரபேல் என்னும் மூன்றுக்கு மேல் தாங்கள் அறியோம் என்றனர். ஏமாற்றுக்காரரை அடக்கியது சரியே. ஆனால் அவரோடு சேர்த்து எஸ்றாவின் வினாக்களைத் தாங்கிய ஊரியேலும் அந்த அவையில் வெளியேற்றப்பட்டார். எத்தியோப்பியத் திருச்சபையும் கீழைத் திருச்சபைகளும் மட்டும் அவரைக் கைவிடவில்லை.

இனி அரபு நாட்டுக்கு வருவோம். கி.பி. 610 அளவில் மக்காவுக்கு அருகே ஹிரா குகையில் தனித்திருந்த முகம்மது நபியிடம் ஒரு வானவர் தோன்றி, ஓதுமாறு பணித்தார். தாம் ஓதத் தெரியாதவர் என்று நபிகள் நாயகம் சொல்ல, மும்முறை இறுகத் தழுவி ஓதுவித்தார். நடுக்கத்தோடு வீடு திரும்பிய நாயகத்தைப் போர்வை போர்த்தித் தேற்றியவர் துணைவியார் கதீஜா. அவர் தம் உறவினரும் முதியவருமான வரக்காவிடம் நாயகத்தை அழைத்துச் சென்றார். பழைய வேதங்களைக் கற்றிருந்த வரக்கா, மோசேயிடம் வந்த தூதரே இவர் என்று கண்டு சொன்னார். நம் உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் இதனை நபிப்பட்டம் பெற்ற படலத்தில் பாடியுள்ளார்.

குர்ஆன் முழுவதிலும் ஜிப்ரீல் என்ற பெயர் மூன்றே இடங்களில் உள்ளது. மீக்கால் என்று மிக்கேலின் பெயர் ஒரே இடத்தில். மற்ற இடங்களில் ஜிப்ரீல் நம்பிக்கைக்குரிய ஆவி என்றும் தூய ஆவி என்றும் குறிக்கப்படுகிறார். மர்யமிடம் மனித வடிவில் வந்தவருக்கும் அங்கே பெயர் இல்லை; அவர் ஜிப்ரீலே என்பது உரையாசிரியர் துணிபு. எக்காளம் ஊதும் இஸ்ராஃபீல், உயிரைக் கைப்பற்றும் இஸ்ராயீல் ஆகிய பெயர்கள் குர்ஆனில் இல்லை. மரபு வழியே வந்தவை. மழையையும் உணவையும் மீக்காயீலின் பொறுப்பாகக் கொள்வதும் மரபே. ஜிப்ரீல் போரையும் தண்டனையையும் கொணர்பவர் என்று மதீனாவில் சிலர் வெறுத்ததாக உரையாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அதற்கு விடையாக வந்த வசனம், அவர் இறைவனின் இசைவின்றி எதையும் கொணரவில்லை. அவரைப் பகைப்பது அனுப்பியவனைப் பகைப்பதே என்ற கருத்தைச் சொல்கிறது. தூதரின் பெருமையும் எல்லையும் அந்த ஒரே விடையில் அடங்கும். இன்னும் ஒன்று. ஆதமுக்குப் பணியுமாறு வானவர்கள் கட்டளையிடப்பட்டனர் என்கிறது குர்ஆன். மனிதன் வானவரை வணங்குவது இருக்கட்டும். வானவரே மனிதன்முன் தலைதாழ்த்த வேண்டியதாயிற்று! நபிகள் நாயகம் நள்ளிரவுத் தொழுகையைத் தொடங்கும்போது ஜிப்ரீல், மீக்காயீல், இஸ்ராஃபீல் ஆகிய மூவரின் பெயரையும் சொல்வதுண்டு என்று ஆயிஷா அம்மையார் அறிவித்துள்ளார். அழைக்கப்பட்டவர் அம்மூவர் அல்லர், அம்மூவரின் இறைவன்.

கலீபா உமர் நினைவுகூர்ந்ததாக ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருநாள் தோழர்கள் நபிகள் நாயகத்துடன் அமர்ந்திருந்தனர். தூய வெள்ளாடை உடுத்த, கருங்கூந்தல் உடைய ஒருவர் வந்தார். பயணக் களைப்போ புழுதியோ அவரிடம் இல்லை. ஆனால் உள்ளூரார் எவருக்கும் அவரைத் தெரியவில்லை. நாயகத்தின் முழங்காலோடு தம் முழங்கால் சேர அமர்ந்து, இஸ்லாம் என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன, நன்னெறி என்றால் என்ன என்று மாணவரைப்போல் வினவினார். விடை கேட்டதும், சரியாகச் சொன்னீர் என்றார். கேட்பவரே சரி என்கிறாரே என்று தோழர்கள் வியந்தனர். பின் அவர் எழுந்து போய்விட்டார். சிறிது நேரம் கழித்து, வந்தவர் யார் தெரியுமா என்று நாயகம் உமரைக் கேட்டார். தெரியாது என்றார் உமர். அவர்தாம் ஜிப்ரீல், உங்களுக்கு உங்கள் நெறியைக் கற்பிக்க வந்தார் என்று நாயகம் கூறினார். வந்தவரோ, இருந்த நேரம் முழுவதும் தம் பெயரைச் சொல்லவே இல்லை.